கை நின்றாலும் நிற்காத கத்தி

(பூனாகலையில் தோட்ட இளைஞர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கூப்பிட வந்த தம்பிமார், "அண்ணே, வெளிநாட்டில நீங்க பாத்த வேலையப் பத்தி, அந்த ஏறி உக்காந்து புல்லு வெட்டுற மெஷினப் பத்திப் பேசுங்க" என்றார்கள். சிரிப்பு வந்துவிட்டது. பூனாகலையில் நின்றுகொண்டு அந்த மெஷினைப் பற்றிப் பேசுவது, யாழ்ப்பாணத்துக்குப் போய்த் தேயிலைக் கவ்வாத்து வெட்டப் பழக்குவது மாதிரி. நாலு சில்லும் ஒழுங்காகத் தரையில் பட அதை நிறுத்த வேண்டுமென்றால் இங்கே காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம் இருக்கிறது, துரை பங்களாவின் புல்தரை இருக்கிறது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் மலை. பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே தெரிகிறதே, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கொஸ்லந்தைப் பள்ளம்.

இருந்தும் ஒப்புக்கொண்டேன். இந்தத் தோட்டங்களிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் பையன்களில் எத்தனையோ பேருக்கு அங்கே முதலில் கிடைப்பது பூங்கா வேலையும் புல்தரை வேலையும்தான். போன மறுவாரமே அந்த மெஷினில் ஏற்றி உட்கார வைத்துவிடுவார்கள். சொல்லிக் கொடுக்க யாரும் வரமாட்டார்கள். இங்கேயே இருப்பவர்களும் தப்பவில்லை. அதன் தம்பிக்காரன் ஒருவன், தோளில் மாட்டிக்கொண்டு போகும் புல்லுவெட்டுற மெஷின், இப்போது எல்லா மலையிலும் கத்திக்கொண்டிருக்கிறான். உடம்புதான் வேறு, இரண்டுக்கும் கத்தி ஒன்றுதான்.

கத்தியைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் அப்பா கவ்வாத்துக்காரர். மழைக்காலத்தில் லயத்து வாசலில் சாக்கை விரித்து, சாணைக்கல்லைத் தண்ணீரில் நனைத்து, மணிக்கணக்காகக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார். தீட்டி முடித்ததும் முன்கை ரோமத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். அந்தக் கத்தியால் கட்டை விரல் மொத்தமுள்ள வாதை ஒரே வீச்சில் சாய்ப்பார். அவருடைய கைகளில் முப்பது வருடத்துத் தழும்பு இருந்தது. ஆனால் ஒரு விரல்கூடக் குறையவில்லை. காரணம் எளிது. அந்தக் கத்தி அவருடைய கையின் தொடர்ச்சி. கை நின்றால் கத்தி நிற்கும். கண் பார்க்கிற இடத்தில்தான் கத்தியும் இருக்கும். தலைமுறை தலைமுறையாக நமக்குக் கத்தியென்றால் இதுதான். நம் உடம்பே அப்படிப் பழகியிருக்கிறது.

மெஷின் கத்தியிடம் இந்தப் பழக்கம் செல்லாது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான்.

புல் வெட்டுவதற்கென்று முதன்முதலில் மெஷின் செய்தவர் எட்வின் படிங் என்ற இங்கிலாந்துக்காரர். 1830இல் அதற்குப் பேட்டன்ட் வாங்கினார். அவர் வேலை செய்த ஸ்ட்ரவுட் பகுதியில் அப்போது துணி ஆலைகள் அதிகம். கம்பளித் துணியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டி மட்டப்படுத்த அங்கே ஒரு உருளைக் கத்தி இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. துணிப்பிசிறை வெட்டும்போது புல்லை வெட்டக்கூடாதா? பழைய பங்களாக்களில் அந்த வம்சத்து மெஷின் ஒன்று கிடக்கும், பார்த்திருப்பீர்கள். கையால் தள்ளுவது. என் மாமா ஒருவர் பங்களாத் தோட்டத்தில் வேலை செய்தார். அவர் தள்ளும்போது கரகரவென்று உருளை சுற்றிப் புல் பொழியும். மூச்சு வாங்க அவர் நின்றால் அதுவும் நின்றுவிடும். கவ்வாத்துக் கத்தி மாதிரியே அதுவும் நேர்மையான சாமான்.

பிறகு பெட்ரோல் எஞ்சின் வந்தது. உருளை போய், காற்றாடி மாதிரி தட்டையாகச் சுழலும் கத்தி வந்தது. புல்லைக் கத்தரிக்கோல் போல நறுக்காமல், வேகத்தினாலேயே அடித்து அறுப்பது அது. மாறியது அங்கேதான்.

ஏறி உட்காரும் மெஷினின் வயிற்றுக்குக் கீழே, கவிழ்த்த தாம்பாளம் மாதிரி ஒரு இரும்புத் தட்டு தொங்கும். அதை டெக் என்பார்கள். சாதாரணமாகப் பார்ப்பது 42 அங்குல டெக். உள்ளே இரண்டு கத்தி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் நீளம். எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் வந்து கப்பிகளைச் சுற்ற, கப்பிக்கு அடியில் உள்ள தண்டில் கத்தி பூட்டியிருக்கும். கத்தி நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால், கத்தியின் நுனி ஒரு வினாடியில் 83 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 300 கிலோமீட்டர். பண்டாரவளையிலிருந்து வரும் பஸ்ஸை மனதில் வைத்துக்கொண்டு இதை யோசியுங்கள். இவ்வளவும் உங்கள் காலுக்கு ஒரு சாண் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். அமெரிக்காவில் 1982இல் ஒரு விதி வந்தது. பின்னால் நடந்து தள்ளும் மெஷினில், கைப்பிடியை விட்ட 3 வினாடிக்குள் கத்தி நிற்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்த மூன்று வினாடியில் என்ன நடக்கிறது? வேகம் சீராகக் குறைகிறது என்று வைத்தால்கூடக் கத்தி 75 சுற்றுச் சுற்றித்தான் ஓயும். நுனி 125 மீட்டர் ஓடியிருக்கும். ஏறி உட்காரும் மெஷினுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக, 5 வினாடி வரை கொடுக்கிறார்கள். சத்தம் அடங்கியதும் நம் மனசு "நின்றுவிட்டது" என்று சொல்கிறது. அந்த நேரத்தில் கத்தி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

நான் வேலை செய்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம், ஆளின் பெயரும் வேண்டாம். சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். கத்தி ஓடும்போது ஓட்டுகிறவர் சீட்டை விட்டு எழுந்தால் எஞ்சின் நின்றுவிட வேண்டும். அதுதான் அதன் வேலை. மேடு பள்ளத்தில் ஓட்டும்போது உடம்பு தூக்கிப் போட்டால் சில நேரம் எஞ்சின் விக்கும். அது தொல்லையாக இருக்கிறதென்று எவனோ இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டான். அதற்குப் பிறகு மெஷின் ஒருநாளும் விக்கவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். ஒருநாள் காலை, தண்ணீர் பாய்ச்சிய ஈரப்புல். டெக்கிலிருந்து புல் வெளியே வரும் வாய் அடைத்துக்கொண்டது. எங்களோடு வேலை செய்த ஒருவர் இறங்கினார். எஞ்சின் ஓடுகிறது, ஆனால் வாயில் புல் அப்பிக்கொண்டிருப்பதால் கத்தி நின்றுவிட்டது என்று நினைத்தார். குனிந்து விரலை விட்டுப் புல்லை இழுத்தார்.

நடுவிரலும் மோதிர விரலும். புல்லோடு சேர்ந்து கிடந்ததைத் தேடி எடுத்தோம். ஆஸ்பத்திரியில் ஒட்டவைக்க முடியவில்லை. மூன்று மாதத்தில் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஊரில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். பெட்டிமேல் கை வைத்துக் காசு எண்ணும்போது அந்த இடைவெளி தெரியும்.

வயரை மாட்டியவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. நானும் அந்த வயரைப் பார்த்திருக்கிறேன். மெக்கானிக் நான். கழற்றவில்லை. வேலை நிற்கும், மேற்பார்வைக்காரர் சத்தம் போடுவார் என்று இருந்துவிட்டேன். இத்தனை வருடமாக எந்த மேடையிலும் சொல்லாததை இங்கே சொல்வது, நீங்கள் என் ஊர்ப் பிள்ளைகள் என்பதால்.

சரி, வேலைக்கு வருவோம். டெக்கைப் பூட்டும் வேலையைச் சொல்கிறேன். போகிற தம்பிமார் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

மட்டமான, கெட்டியான தரையில் மெஷினை நிறுத்த வேண்டும். கைபிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். மேசையில் வைக்காதீர்கள், வண்டியிலும் விடாதீர்கள். அடுத்து பிளக்கில் உள்ள வயரைப் பிடுங்கி, திரும்பத் தொடாதபடி ஒதுக்கி விடுங்கள். "சாவிதான் என்கிட்ட இருக்கே, பிளக் வயர் எதுக்கு" என்று கேட்பீர்கள். கத்தியைக் கையால் சுற்றினால் சில மெஷின்களில் அந்தச் சுற்று பெல்ட் வழியாக எஞ்சினுக்குப் போகும். சூடான எஞ்சின் ஒரு வெடி வெடித்தால் போதும்.

பிறகு உயரம் வைக்கும் நெம்பைக் கீழ்ப்படிக்கு இறக்கிவிட்டு, டெக்கைப் பக்கவாட்டில் வண்டிக்கு அடியில் தள்ள வேண்டும். டெக்கின் எடை சாதாரணமில்லை, ஒருவராகத் தூக்க வேண்டாம். முன்கம்பி, பின்கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் ஊசிப்பின். நான் பார்த்த கழன்ற டெக்குகளில் பாதிக்கு மேல் ஒரு பின் தொலைந்து, அதற்குப் பதிலாகக் கம்பியை முறுக்கிவிட்டதால் கழன்றவை. அந்தப் பின் சில்லறைக் காசுச் சாமான். பெல்ட்டை மாட்டும்போது அது முறுக்கிக்கொள்ளக்கூடாது. கப்பியின் பக்கத்தில் பெல்ட் தெறிக்காமல் இருக்க ஒரு சின்ன இரும்பு விரல் இருக்கும், அதற்கு உள்ளே பெல்ட் போக வேண்டும். வெளியே போனால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கத்தி பூட்டுவதில்தான் புதியவர்கள் தவறுவார்கள். கத்தியின் இரண்டு முனையிலும் பின்பக்கம் இறக்கை மாதிரி வளைந்திருக்கும். அந்த வளைவு மேலே, டெக்கைப் பார்த்து இருக்க வேண்டும். அதுதான் காற்றை உறிஞ்சிப் புல்லை நிமிர்த்துகிறது. தலைகீழாகப் பூட்டினால் வெட்டாது, புல்லை நசுக்கும். கத்தி சுற்றாமல் பிடிக்க ஒரு மரக்கட்டையை டெக்குக்கும் கத்திக்கும் நடுவே கொடுங்கள். கையால் பிடிக்கக்கூடாது, தடித்த கையுறை இருந்தாலும் கூடாது. நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அந்தந்த மெஷினின் புத்தகத்தில் போட்டிருக்கும். அதன்படி அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள். ஜாக்கில் தூக்கிய வண்டிக்கு அடியில் தலையை விடவேண்டாம். ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்குத் தாங்கு கட்டை வேறு.

மட்டம் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. கொழுந்தெடுக்கும் பிள்ளைகள் மட்டக்கம்பு வைத்து மட்டம் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. முதலில் நாலு சில்லிலும் காற்றைச் சரிபாருங்கள். ஒரு சில்லில் காற்று குறைந்திருந்தால் நீங்கள் டெக்கை எவ்வளவு திருத்தினாலும் வீண். பிறகு கத்தியைக் குறுக்காகத் திருப்பி, இடது நுனிக்கும் தரைக்கும், வலது நுனிக்கும் தரைக்கும் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருத்த வேண்டும். அடுத்து நீளவாக்கில் திருப்புங்கள். முன்நுனி பின்நுனியைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும். சமமாக விட்டால், முன்னால் வெட்டிய புல்லையே பின்னால் திரும்பி வரும் நுனி இன்னொருமுறை அடிக்கும், எஞ்சின் வீணாகத் திணறும். சின்ன வித்தியாசம்தான். ஆனால் அதைச் சரியாக வைத்தவன் வெட்டிய புல்தரையை நூறடி தள்ளி நின்று பார்த்தாலே தெரியும்.

ஓட்டும்போது சரிவுதான் எமன். பெரும்பாலான மெஷின்களின் புத்தகத்தில் 15 பாகைக்கு மேல் போகாதே என்று இருக்கும். ஒரு மீட்டர் முன்னே போக 27 சென்டிமீட்டர் ஏறும் சரிவு அது. நம் மலைக்கணக்கில் அதைச் சரிவு என்றே சொல்லமாட்டோம். அதனால்தான் பயப்படுகிறேன். மலையில் பிறந்த பையனுக்கு அங்கே உள்ள ஒரு மேடு மேடாகவே தெரியாது. கண் ஏமாற்றும். ஏறி உட்காரும் மெஷினை மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டினால் உருளும். நடந்து தள்ளும் மெஷினுக்கு நேர் எதிர்: குறுக்கே போக வேண்டும், மேலும் கீழும் போனால் கால் வழுக்கி அடியில் போய்விடும். தலைக்குப் பின்னால் இரும்பு வளைவு நிற்கும் மெஷின் என்றால் சீட் பெல்ட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். வளைவு இல்லாத மெஷின் என்றால் கட்டக்கூடாது, உருளும்போது குதிக்க வழி வேண்டும். பின்னோக்கி எடுக்கும்போது கத்தியை நிறுத்திவிட்டு, திரும்பிப் பின்னாலும் கீழேயும் பாருங்கள். பிள்ளைகள் ஓடிவரும் இடத்தில் வெட்டவே வெட்டாதீர்கள். குழந்தையை மடியில் வைத்து ஒரு சுற்றுப் போவதைப் பாசம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அங்கே பெரிய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இனி நம் மலைக்கு வருகிறேன்.

நான் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து கொஞ்ச நாளில்தான் அந்தச் செய்தி வந்தது. 2015இல் கிளைபோசேட் மருந்தை நாட்டில் தடை செய்தார்கள். சிறுநீரக நோயைக் காரணம் காட்டி எடுத்த முடிவு. அது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். 2021இல் உரமும் மருந்தும் எல்லாமாக நின்று, அதே வருடக் கடைசியில் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். இந்த இழுபறியில் புல் காத்துக்கொண்டிருக்கவில்லை. ஆட்களோ குறைவு. சுரண்டியும் கத்தியும் எடுத்துப் புல்லு வெட்ட வந்த கை கொழும்புக்கும் கட்டாருக்கும் போய்விட்டது. இந்த இடைவெளியில்தான் தோளில் தொங்கும் மெஷின் மலைமலையாக ஏறியது. என் கராஜுக்கு அதற்கு முன் மாதத்துக்கு ஒன்று இரண்டு வரும். பிறகு வாரத்துக்கு அஞ்சாறு.

ஒரு விதத்தில் அது நல்லதுதான். சுரண்டியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே நம் மலையின் மேல்மண்ணைக் கானில் ஓடவிட்டோம். மெஷின் புல்லின் தலையை வெட்டி வேரை விட்டுவிடுகிறது, வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்ததையும், 2023 மார்ச்சில் இங்கே கபரகலையில் சரிந்ததையும் பார்த்தவர்களுக்கு மண்ணைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சரிவுகளுக்குப் புல் காரணமென்று சொல்லவில்லை. ஆனாலும் வேரோடு பிடுங்கின வெற்று மலையைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

மெஷினை நான் குறை சொல்லவில்லை. கவசத்தைக் கழற்றுவதைத்தான் சொல்கிறேன்.

கராஜுக்கு வரும் மெஷினில் பத்துக்கு ஏழெட்டு, கத்திக்கு மேலே இருக்க வேண்டிய கவசம் இல்லாமல் வருகிறது. கேட்டால், "புல்லு சுத்திக்கிட்டு நிக்குது அண்ணே, வேல ஓடல". சரி, ஏன் வேலை அவ்வளவு ஓட வேண்டும்? ஏக்கர் கணக்குக் கொன்ட்ராக்ட். கூலி விழுவது மணிக்கணக்கில் என்றால் கவசம் மாட்டியிருக்கும். ஏக்கர் கணக்கில் என்றால் கழன்றுவிடும். நான் பார்த்த வரையில் இது தப்பாத விதி. கொன்ட்ராக்ட் கொடுக்கிறவர்களும் தொழிற்சங்கத் தலைவர்மாரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். ரேட்டைப் பேசும்போது கவசத்தையும் பேசுங்கள். நாளைக்கு ஒரு கையில் காயம் பட்டு நட்டஈட்டு வழக்கு வந்தால், எதிர்ப்பக்கம் கேட்கும் முதல் கேள்வி "கவசத்தைக் கழற்றியது யார்" என்பதுதான். 1934இலிருந்து தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் உரிமையை நாமே ஏன் பலவீனப்படுத்த வேண்டும்?

தோளில் தொங்கும் இந்த மெஷினில் 255 மில்லிமீட்டர் தட்டுக் கத்தி 7000 சுற்றில் ஓடும்போது நுனியின் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டரைத் தாண்டும். பெரிய மெஷினைவிட அதிகம். இதற்கு டெக் கிடையாது. உள்ள ஒரே டெக் அந்தக் கைப்பிடியளவு கவசம்தான்.

மேலிருந்து பார்த்தால் பெரும்பாலான மெஷின்களில் கத்தி கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். அதனால் வலமிருந்து இடமாக வீசி, கத்தியின் இடப்பக்கத்தால் வெட்ட வேண்டும். கடிகார முகமாகக் கத்தியை நினைத்துக்கொண்டால் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் உள்ள பகுதியைக் கல்லிலோ தேயிலைத் தூரிலோ படவிடாதீர்கள். பட்டால் மெஷின் வலப்பக்கமாகப் பின்னுக்கு உதைக்கும். மட்டத்தரையில் ஒரு எட்டுத் தள்ளாடி நின்றுவிடலாம். நம் மலையில் அந்த ஒரு எட்டு எங்கே போய் விழும்?

நட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கத்தியின் நட்டு பெரும்பாலும் எதிர்மரை. வழக்கமாக இறுக்கும் பக்கம் திருப்பினால் கழலும், கழற்றும் பக்கம் திருப்பினால் இறுகும். இது தெரியாமல், கழலவில்லை என்று கத்தியைச் சுத்தியால் அடித்து வெடிப்பு விழ வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பல்சக்கரப் பெட்டியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் கம்பியை விட்டுத் தண்டைப் பூட்டிக்கொண்டு கழற்றுங்கள். கத்தி நடுத்துளையோடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மூடியும் நட்டும். உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டு விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்துவிட்டால் அதை எறிந்துவிட வேண்டும். வெடிப்பு விழுந்த கத்தியை வெல்டிங் வைக்க என்னிடம் கொண்டுவராதீர்கள், செய்யமாட்டேன். நைலோன் நூலுக்குப் பதில் இரும்புக் கம்பியை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அறுந்து பறந்தால் துப்பாக்கிக் குண்டு.

பக்கத்து ஆளுக்கு 15 மீட்டர் தூரம் என்பது புத்தகக் கணக்கு. சரிவில் கீழ்வரிசையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருந்தால் அந்தக் கணக்கும் போதாது. கல் உருண்டும் பறந்தும் போகும். அவர்கள் அந்த மலையை முடித்த பிறகே மெஷின் இறங்க வேண்டும். இதைக் கங்காணிதான் பெரட்டிலேயே பிரித்துவிட முடியும்.

அடுத்தது குளவி. இதை எந்த மெஷின் புத்தகத்திலும் பார்த்ததில்லை. காதில் அடைப்பான் போட்டுக்கொண்டு வேலை செய்கிறோம், போடத்தான் வேண்டும். மெஷினின் சத்தம் 100 டெசிபலை ஒட்டிப் போகிறது, அடைப்பான் போடாதவன் நாற்பது வயதிலேயே செவிடாகலாம். ஆனால் அடைப்பான் போட்டவனுக்குக் குளவி கிளம்பிய ரீங்காரம் கேட்காது, பக்கத்து ஆள் "ஓடு" என்று கத்துவதும் கேட்காது. அதனால் எஞ்சினை இழுக்கும் முன் நிழல்மரத்தையும் கற்பாறை இடுக்கையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். தோள்வார் ஒரே இழுப்பில் கழலும் கொக்கியுடையதா என்று பாருங்கள். கழலாத வாரோடு ஓடினால் குளவியைவிடக் கத்திதான் முதலில் பிடிக்கும்.

விடியற்காலை மூட்டத்தில் மெஷினைப் பிடித்து வேலை செய்கிறவர்களுக்கு விரல் நுனி வெளுத்து மரத்துப் போகிறதா? நிறையப் பேர் தலையாட்டுகிறீர்கள். குளிரும் அதிர்வும் சேர்ந்து விரலின் இரத்த ஓட்டத்தைக் கெடுப்பதால் வருவது அது. டிஸ்பென்சரியில் சொல்லுங்கள். கையுறை போடுங்கள், கைப்பிடி ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள், ஒருவரே நாள் முழுக்கப் பிடிக்காமல் ஆளுக்குக் கொஞ்ச நேரமாக மாற்றிப் பிடியுங்கள்.

எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அக்சலரேட்டரைத் தொடாமல் கத்தியைப் பாருங்கள். சுற்றக்கூடாது. சுற்றினால் ஒரு திருகைத் திருத்த வேண்டும், அல்லது கிளச் சுருள் போயிருக்கும். கத்தியில் புல் சுற்றினால் எஞ்சினை நிறுத்துங்கள். பிறகு நில்லுங்கள். வாய்விட்டுப் பத்து எண்ணுங்கள். கத்தி அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிளக் வயரைக் கழற்றிய பிறகு கை வையுங்கள். கை வைத்து இழுப்பதைவிடக் குச்சியால் கிளறுவது நல்லது. என் அப்பா இருந்திருந்தால், கத்தியை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றால் மலை எப்போது முடியும் என்று கேட்டிருப்பார். நியாயமான கேள்விதான். அவருடைய கத்தி அவர் நின்றால் நிற்கும் கத்தி.

வெளியே வாசலில் ஒரு பழைய டெக்கைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இரும்புக் கடையில் வாங்கியது. கத்தியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போகும்போது தொட்டுப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். கவசம் தொலைத்தவர்கள், கழற்றி லயத்துக் கூரையில் செருகி வைத்தவர்கள், வயரைச் சேர்த்து முறுக்கியவர்கள், யாராக இருந்தாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை மெஷினை என் கராஜுக்குக் கொண்டு வாருங்கள். பூட்டித் தருகிறேன். சாமானுக்குக் காசு கொடுத்தால் போதும், கூலி வேண்டாம்.